தறியில் பிறந்த துளையட்டை

தமிழில் நூல் என்பது இழைக்கும் பெயர், ஏட்டிற்கும் பெயர். பனுவல் என்னும் சொல்லும் அவ்வாறே பஞ்சிற்கும் பாட்டிற்கும் பொதுவாக நின்றது. நெய்தலும் எழுதுதலும் ஒரு தன்மையன என்று நம் முன்னோர் கருதினர் போலும். அக்கருத்திற்கு அவர்கள் கனவிலும் எண்ணியிராத சான்று ஒன்று பிற்காலத்தில் தோன்றியது. அதுவே துளையிட்ட அட்டை. பட்டுத்தறியில் பூ வேலைக்காகப் பிறந்த அவ்வட்டை, நூறாண்டு கழிவதற்குள் மக்களை எண்ணப் பயன்பட்டது. மேலும் ஐம்பதாண்டில், மக்களைப் பிரித்தறிந்து துன்புறுத்திய ஆட்சியின் கையிலும் அது கருவியாயிற்று. தன்னைப் பற்றிய செய்தி தன் கைவிட்டுப் போகாதிருக்க வேண்டும் என்னும் தனியுரிமைக் குரல் இன்று உலகெங்கும் கேட்கிறது. அக்குரலின் வேர் எங்கே உள்ளது என்று தேடப் புகுந்தால், நாம் சென்று சேருமிடம் ஒரு தறிக்குழியாகவே இருக்கிறது.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே ரோன், சோன் என்னும் ஈராறுகள் கூடுமிடத்தில் இலியோன் நகரம் உள்ளது. நமக்குக் காஞ்சியும் காசியும் எவ்வாறோ, அவ்வாறே ஐரோப்பாவின் பட்டு நெசவிற்கு இலியோன். பூவும் கொடியும் பறவையும் பட்டில் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வோர் ஊடை இழை செல்லும்போதும் பாவிழைகளுள் எவை மேலெழ வேண்டும், எவை கீழே தங்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தூக்கியாக வேண்டும். நெய்பவர் தறியில் அமர்ந்திருக்க, கயிறுகளை இழுப்பதற்கென்றே ஒரு சிறுவன் அருகில் நிற்பான். கயிறு தவறினால் பூ தவறும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்குத் தறியில் துணையாள் ஒருவர் வேண்டியிருப்பதை அறிந்த அன்பர்களுக்கு இவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

அச்சிறுவனின் நினைவாற்றலைத் தாளில் ஏற்ற முயன்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். 1725இல் பசீல் பூஷோன் துளையிட்ட தாட்சுருளை அமைத்தார். 1728இல் ழான் பப்தீஸ்த் பால்கோன் சுருளுக்கு மாற்றாக அட்டைகளைக் கோத்தார். 1745இல் வோக்கான்சோன் தானியங்கித் தறியொன்றைச் செய்தார். இவர் இயந்திர வாத்து ஒன்றைச் செய்து அரண்மனைகளை வியப்பில் ஆழ்த்திய விந்தைக் கைவினைஞர். ஆயினும் இம்மூவரின் பெயரையும் காலம் மறந்தது. 1804இல் இம்முயற்சிகளை ஒருங்கிணைத்து, நடைமுறைக்கு ஏற்ற கருவியாக்கிய ஜோசப் மரீ ஜக்கார் என்பாரின் பெயரே நிலைத்தது. இன்று ஆரணியிலும் காஞ்சியிலும் நெசவாளர் 'ஜக்கார்டு பெட்டி' என்று நாள்தோறும் உச்சரிப்பது இப்பிரெஞ்சுக்காரரின் பெயரையே.

கருவியின் இயக்கம் எளிது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி உட்புகும். அவ்வூசியோடு இணைந்த கொக்கி பாவிழையைத் தூக்கும். துளை இல்லாவிடின் ஊசி பின்தள்ளப்படும். இழை கீழேயே நிற்கும். ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகள். அவ்விரண்டைக் கொண்டே ரோசாவும் மயிலும் நெய்யப்பெற்றன. நாம் இங்கே ஒன்றை ஊன்றிக் கருத வேண்டும். அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நெசவாளர் அதைப் படித்துவிடுவார். எந்தத் துளை எந்த இழைக்கு உரியது என்பது அவருக்குத் தெரியும். கருவி அறிந்தது அனைத்தையும் கருவியை இயக்குபவரும் அறிவார். பின்னாளில் அட்டைக்கு நேர்ந்த பெருங்கேடு இத்தன்மை அதைவிட்டு அகன்றதே என்பது நம் கருத்து.

புதுத் தறியை இலியோன் நெசவாளர் வெறுத்தனர் என்றும், பொதுவிடத்தில் எரித்தனர் என்றும் கதை வழங்குகிறது. ஆயின் 1831இலும் 1834இலும் அந்நகர நெசவாளர் கிளர்ந்தெழுந்தது கூலி குறித்தே அன்றிக் கருவி குறித்தன்று. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. கருவியைப் பழித்துவிட்டுக் கருவி யார் கையில் உள்ளது என்று கேளாதிருப்பது எளிய வழி.

1839இல் ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தனர். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. ஓவியமோ என்று கண்டோர் மயங்கிய அப்பட்டுப் படங்களுள் ஒன்று இலண்டனில் சார்ல்சு பாபேஜ் என்னும் கணித அறிஞரின் இல்லத்தில் இருந்தது. அவர் தாம் எண்ணியிருந்த கணிப்பு எந்திரத்திற்கு இதே அட்டைகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். 1843இல் அவ்வெந்திரம் பற்றிக் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேசு அம்மையார், ஜக்கார்டு தறியையே அதற்கு உவமையாக்கினார். எந்திரம் முற்றுப்பெறவில்லை, எண்ணம் மட்டும் நின்றது.

அட்டை துணியை விட்டு மனிதனைப் பற்றிய கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க அந்நாட்டினருக்கு ஏழாண்டுகளுக்கு மேலாயிற்று. அப்பணியில் இளைஞராய் அமர்ந்திருந்த ஹெர்மன் ஹாலரித், இதற்கோர் எந்திரம் காண முனைந்தார். தமக்கு வழிகாட்டியது இரயில் பயணச்சீட்டு என்று அவரே கூறியுள்ளார். அந்நாளில் சீட்டுப் பரிசோதகர் பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கின் அளவு ஆகியவற்றைச் சீட்டின் ஓரத்தில் துளையாக இடுவாராம். ஒருவர் சீட்டை மற்றொருவர் கொண்டு பயணம் செய்யாதிருக்கவே இவ்வேற்பாடு. துளையால் வரைந்த உருவப்படம் என்றே அதனை அழைத்தனர். கண்ணும் மூக்கும் துளைகளான அக்கணத்திலேயே அட்டை தன் புதிய தொழிலை ஏற்றுக்கொண்டது எனலாம்.

1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அட்டைகளாயினர். அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும், துளை உள்ள இடத்தில் ஊசி கீழுள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சாரம் பாயும், முகப்பில் ஒரு முள் ஓரெண் நகரும். கடிகாரக் கடை போன்ற அக்கருவியைப் பழம்பொருள் விரும்பிகள் இன்றும் காட்சியகங்களில் நின்று வியக்கின்றனர். ஹாலரித் 1896இல் தொடங்கிய நிறுவனம் 1911இல் பிறவற்றோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது.

எண்ணுவது ஒன்று, இன்னார் என்று அறிவது மற்றொன்று. எண்ணுவதற்குப் பெயர் வேண்டியதில்லை. அரசுகள் நெடுங்காலமாகவே எண்ணி வந்துள்ளன. சோழர் கல்வெட்டுகளில் வரிப்பொத்தகம் என்றும் புரவுவரித் திணைக்களம் என்றும் அலுவல்களைக் காண்கிறோம். அவை பெரிதும் நிலத்தையும் வரியையும் பற்றியவை. நிலம் ஓடி ஒளிவதில்லை. அதனைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அட்டை, அவன் இறக்கும்வரை அவனைத் தொடரும் ஏடு என்பது நம் காலத்திற்கு அண்மையதே.

செருமனியில் இட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் மக்கள் கணக்கெடுப்பு நடைபெற்றது. பிரசியப் பகுதிக்கான கணக்கை ஐ.பி.எம்மின் செருமானியக் கிளையான டேஹோமாக் துளையட்டைகளில் ஏற்றியது. 1939 மே 17 அன்று நடந்த கணக்கெடுப்பில், பாட்டன் பாட்டியர் நால்வருள் யார் யார் யூதர் என வினவும் துணைப்படிவம் ஒன்றும் வீடுதோறும் கொடுக்கப்பெற்றது. விடை எழுதியவர்கள் அது எங்கே செல்லும் என்று அறியார்.

இனி நாம் சற்று விரித்துரைக்க வேண்டியது நெதர்லாந்து நாட்டின் செய்தி. மத்திய அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு இதனைப் படிக்குந்தோறும் உள்ளம் நடுங்கும். அந்நாட்டில் 1930களில் குடிமக்கள் பதிவேடு நன்கு ஒழுங்குபடுத்தப்பெற்றது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் பெயர், பிறப்பு, முகவரி, சமயம். கொடுநோக்கம் எதுவும் அதில் இல்லை. அது நல்லாட்சியின் அடையாளமாகவே கருதப்பெற்றது. அப்பதிவேடுகளின் தலைமைக் கண்காணிப்பாளர் யாக்கோப் லென்ட்சு என்பவர். அயராத உழைப்பாளி. எளிதில் போலி செய்யவியலாத அடையாள அட்டை ஒன்றை அவர் வகுத்தார். குடிமக்கள் அனைவரையும் குற்றவாளிகளாக ஐயுறுவது நம் மரபன்று என்று கூறி, 1940 மார்ச்சில் அந்நாட்டரசு அதனை ஏற்க மறுத்தது. இரண்டு திங்களில் செருமானியப் படை நாட்டினுள் புகுந்தது. 1941இல் புதிய ஆட்சியினர் அவ்வட்டையையே கட்டாயமாக்கினர். அதில் புகைப்படமும் விரல்ரேகையும் இருந்தன. யூதர்தம் அட்டையில் ஒரு தனி எழுத்து முத்திரையிடப்பெற்றது.

லென்ட்சு நாசிக் கட்சியினர் அல்லர். பகைவரை வரவேற்றவரும் அல்லர். தம் ஏடு குறையின்றி இருத்தல் வேண்டும் என்பதே அவர் விருப்பம். யார் கேட்பினும் ஒழுங்காகத் தருவது தம் கடமை என எண்ணினார். போருக்குப்பின் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நெதர்லாந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் 1,02,000 பேர் கொல்லப்பெற்றனர். மேற்கு ஐரோப்பிய நாடுகளுள் இத்துணை மிகுந்த விழுக்காடு வேறெங்கும் இல்லை. இதற்குக் காரணங்கள் பல என்பர் வரலாற்றாசிரியர்; பதிவேட்டின் செம்மை அவற்றுள் ஒன்று என்பதை மறுப்பார் அரியர்.

அப்பதிவேட்டை அழிக்கத் துணிந்தவர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதே இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடுவது. தலைவருள் ஒருவரான வில்லெம் அரண்டேயுசு ஓர் ஓவியர். 1930களின் தொடக்கத்தில் வடஹாலந்து மாநில நகரங்களின் சின்னங்களைத் திரைச்சீலைகளில் வகுத்துத் தந்தவர். கெரிட் வான் டெர் வேன் சிற்பி. பிரீடா பெலின்பான்டெ அம்மையார் இசைக் குழுவை நடத்தியவர். சூர்ட் பாக்கர் தையற்கலைஞர். இழையும் கல்லும் நரம்பும் ஊசியுமாக வாழ்ந்த இவர்கள், முதலில் செய்தது போலி அடையாள அட்டைகளே. போலி அட்டை எத்துணைத் திருத்தமாக இருப்பினும், பதிவேட்டில் உள்ள மூல அட்டையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். எனவே மூலத்தையே எரிப்பதென முடிவு செய்தனர்.

1943 மார்ச் 27 இரவு. ஆம்ஸ்டர்டாம் நகரப் பதிவகத்தின் வாயிலில் காவல்துறை உடுப்பணிந்த சிலர் வந்து நின்றனர். அவ்வுடுப்புகள் பாக்கர் தைத்தவை. வாயிற்காவலரை மயக்க ஊசியால் உறங்கச் செய்து, உயிருக்கு ஊறு நேராவண்ணம் வெளியே கொண்டுபோய்க் கிடத்தினர். பின்னர் இழுப்பறைகளைக் கவிழ்த்து, வெடி வைத்துத் தீயிட்டனர். செறிவாக அடுக்கிய அட்டைகள் எளிதில் எரிவதில்லை என்பதைப் பழைய கோப்புகளோடு பழகியோர் அறிவர். தீயணைப்புப் படையினர் மெல்ல வந்து, தேவைக்கு மேல் நீரைப் பீய்ச்சித் தம்மால் இயன்ற தொண்டு செய்தனர் என்பர். அவ்வளவு செய்தும், சுமார் 8 இலட்சம் அட்டைகளுள் அழிந்தவை ஏறத்தாழ 15 விழுக்காடே. சில நாள்களில் குழுவினருள் பலர் பிடிபட்டனர். சூலை 1 அன்று அரண்டேயுசு, பாக்கர் உள்ளிட்ட பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பெற்றனர். அரண்டேயுசு ஒருபாலீர்ப்பினர். தம்மை ஒத்தவர் கோழைகள் அல்லர் என்பதை உலகறியச் செய்யுமாறு இறுதியில் வேண்டிக்கொண்டார்.

பதிவேட்டின் மறுபடிகள் ஹேக் நகரில் கிளேக்காம்ப் என்னும் மாளிகையில் இருந்தன. ஓராண்டு கழித்து, 1944 ஏப்ரல் 11 அன்று, எதிர்ப்பியக்கத்தாரின் வேண்டுகோளின்படி ஆங்கிலேய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. அட்டைகளில் பெரும்பகுதி எரிந்தது. உள்ளிருந்தோரும் அருகிருந்தோருமாக ஏறத்தாழ அறுபதுபேர் மாண்டனர். அலுவலக ஊழியர் அவர்களுள் மிகுதி. பகலில் மேசையருகே அமர்ந்து ஏடு புரட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒரு பதிவேட்டை இல்லாததாக்க இத்தனை உயிர் விலையாயிற்று.

துளையட்டை பிறந்த இலியோன் நகருக்கே அது திரும்பி வந்ததையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். போர்க்காலப் பிரான்சின் தேசியப் புள்ளியியல் பணியகம் அந்நகரில் அமைந்தது. அதன் தலைவர் ரெனே கார்மீல், படைத்துறைக் கணக்கு அதிகாரி, துளையட்டையில் தேர்ந்தவர். குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 13 இலக்க எண் வகுத்தவர் இவரே. வெளியே அரசுப் பணி. உள்ளேயோ, பிரெஞ்சுப் படையை மீண்டும் திரட்டுவதற்கான பெயர்களை இதே அட்டைகளிலிருந்து மறைவாகத் தொகுத்தார். 1941ஆம் ஆண்டுப் படிவத்தில் யூதரா எனக் கேட்ட பதினோராம் வினாவிற்கான விடைகள் பயன்படாமற்போக அவரே காரணம் என்று சிலர் எழுதியுள்ளனர். அதில் வரலாற்றாசிரியரிடையே ஒத்த கருத்து இல்லை. 1944 பிப்ரவரியில் அவர் கைதானார். 1945 சனவரியில் டாகாவ் வதைமுகாமில் உயிர்நீத்தார். லென்ட்சும் கார்மீலும் ஒரே தொழிலினர். ஏறக்குறைய ஒரே பதவி, ஒரே கருவி. இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அரசு ஊழியர் அனைவருக்கும் பயனுடையது.

கார்மீல் வகுத்த எண் போருக்குப் பின்னும் பிரான்சில் நிலைத்தது. 1974இல் அவ்வெண்ணைக் கொண்டே அரசுத் துறைகளின் ஏடுகள் அனைத்தையும் கணிப்பொறியில் ஒன்றாகப் பிணைக்க ஒரு திட்டம் உருவானது. சபாரி என்பது அதன் பெயர். வேட்டை என்று பொருள்படும் அப்பெயரை யார் சூட்டினரோ! 'ல மோந்து' நாளிதழ் அதனை வெளிப்படுத்தவே நாட்டில் பெருங்குரல் எழுந்தது. விளைவாக 1978 சனவரி 6 அன்று தகவல் காப்புச் சட்டம் பிறந்தது. அதனைக் கண்காணிக்கத் தனி ஆணையமும் அமைந்தது. அதற்கு முன்னரே 1970இல் செருமனியின் ஹெசன் மாநிலமும் 1973இல் சுவீடனும் இவ்வகைச் சட்டம் இயற்றியிருந்தன. 1983 திசம்பர் 15 அன்று மேற்குச் செருமனியின் அரசமைப்பு நீதிமன்றம், தன்னைப் பற்றிய தகவல் எவரிடம் செல்லலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவரவர்க்கே உரியது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கு எழுந்ததும் மக்கள் கணக்கெடுப்பு ஒன்றின் தொடர்பிலேயே.

இக்காலத்தில் தனியுரிமையை வற்புறுத்துவோரிடையே ஒரு பழக்கத்தைக் காண்கிறோம். பழைய தட்டச்சுப்பொறி, சாவி கொடுக்கும் கடிகாரம், கைத்தறி ஆகியவற்றின்மேல் அவர்களுட் பலர்க்குத் தனி ஈடுபாடு உண்டு. தம் கையால் பிரித்துப் பூட்டக்கூடிய பொருளிடம் மனிதனுக்கு நம்பிக்கை பிறப்பது இயல்பே. 2013இல் அமெரிக்க உளவுத்துறையின் உலகளாவிய ஒட்டுக்கேட்பை எட்வர்டு ஸ்னோடன் வெளிப்படுத்திய பின், இரசியாவின் பாதுகாப்புத் துறையொன்று தட்டச்சுப்பொறிகள் வாங்க முன்வந்தது. இலண்டனிலுள்ள இந்தியத் தூதரகமும் முக்கியக் குறிப்புகளுக்குத் தட்டச்சுப்பொறியையே நாடியதாக அவ்வாண்டில் நாளிதழ்கள் எழுதின. ஆயினும் பழமை ஒன்றே காப்பாகிவிடாது. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மின் தட்டச்சுப்பொறிகள் சிலவற்றுள் சோவியத்து நாட்டினர் நுண்கருவிகளை மறைத்து வைத்து, அடித்த எழுத்துகளை எல்லாம் அறிந்து வந்தனர். அது 1984இல்தான் வெளிப்பட்டது. தட்டச்சு நாடாவைக் குப்பையில் எறிந்தால் கடிதம் முழுதும் அதில் இருக்கும் என்பதை நம் அலுவலகங்களின் பழைய ஊழியர் சொல்லக் கேட்கலாம்.

இனி நம் நாடு. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்காளர் குறித்த ஏட்டை வேறெவரும் பார்வையிட உரிமையில்லை என்றும், அது நீதிமன்றத்தில் சான்றாகாது என்றும் கூறுகிறது. எண்ணுவதையும் இன்னார் என்று அறிவதையும் பிரித்து நிறுத்திய இப்பிரிவைப் போல் அறிவார்ந்த சட்ட வாசகங்கள் சிலவே. 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், தனியுரிமை அரசமைப்பு உறுதியளித்த உரிமை அன்று என்றனர். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். மாறுபட்ட அக்குரல் வெல்வதற்கு 55 ஆண்டுகளாயின. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசுவாமி, எண்பது அகவை கடந்த பின், 2012இல் ஆதார் எண்ணை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். 2018 செப்டம்பரில் ஆதார் திட்டம் பெரும்பான்மைத் தீர்ப்பால் நிலைநிறுத்தப்பெற்றது. தனியார் நிறுவனங்கள் அவ்வெண்ணைக் கோரும் வழி அடைக்கப்பெற்றது. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவு அரசின் அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு இடந்தருகிறது. ஒரு சட்டத்தில் விதியை விட விலக்கையே முதலில் படிக்க வேண்டும் என்பது அலுவலகத்தில் நாம் கற்ற பாடம்.

காலையில் அலுவலகம் புகும்போது நாமும் விரலைக் கருவியில் வைத்தே வருகையைப் பதிகிறோம். விரல் ஏற்கப்படாவிடில் மறுமுறை வைக்கிறோம். எழுதுகோல் பிடிக்கும் விரலுக்கு அது பெரிய இடரன்று. தறியில் உழைக்கும் விரல் அத்தகையதன்று. இழையும் தறிக்கட்டையும் நாள்தோறும் உராய, உழைப்பாளரின் ரேகை தேய்கிறது. முதியோர்க்கும் உடலுழைப்போர்க்கும் நியாய விலைக் கடைகளில் விரல்ரேகை ஒத்துவராத இடர் உச்ச நீதிமன்றத்திலேயே எடுத்துரைக்கப்பெற்றது. 2019-20இல் நடந்த நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 இலட்சத்திற்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் உள்ளனர் என்று கண்டது. அவர்களுள் பெண்டிரே மிகுதி. அவர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்கும் திட்டமும் உண்டு. நலத்திட்டங்கள் சென்றுசேர அது வேண்டுவதே.

காஞ்சிபுரத்தில் இப்போது சில தறிகளில் மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. பூவின் கணக்கு ஒரு சிறு நினைவகத்துள் அடங்குகிறது. பழைய பெட்டி உள்ள தறியில் அட்டை கிழிந்தால், நெசவாளர் கழற்றிப் பழைய அட்டையின்மேல் புதியதை வைத்து, துளைக்குத் துளை ஒப்பிட்டுச் சரிபார்த்தே மீண்டும் கோக்கிறார். அவர் பெயரில் உள்ள அட்டையில் ஒரு பிழை நேர்ந்தால், வட்டத் தலைநகரிலுள்ள சேவை மையத்திற்குச் சென்று, வரிசையில் நின்று, கண்ணாடித் தடுப்பிற்கு அப்பால் உள்ள திரையை மற்றொருவர் படித்துச் சொல்லக் கேட்கிறார். அன்றைய நாளின் நெசவுக் கூலி அவருக்கு இல்லை.